தந்திக்கு இரண்டு முனை உண்டு: ஆவணக் காப்பகச் சண்டையை வாசிக்கும் முறை

திருகோணமலைத் தபாற்கந்தோரில் இருபத்தெட்டு வருடம் தந்தி அனுப்பியும் வாங்கியும் எழுதியும் இருந்தவள் நான். இப்போது உவர்மலையில் என் வீட்டு விறாந்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் வந்து இருந்து வரலாறு படிப்பார்கள். போன மாதம் ஒரு பிள்ளை கேட்டாள்: “அன்ரி, காப்பகத்தைத் திறந்துவிட்டோம், ஆர்மீனியர்தான் தங்கடையைப் பூட்டி வைத்திருக்கினம் என்று துருக்கி சொல்லுது. யார் சொல்வது சரி?” அவளுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். 1915 பற்றிக் கட்டுரை எழுதப்போகும் எவருக்கும் உதவும்.

1915இல், முதலாம் உலகப் போர் நடக்கும்போது, இன்றைய துருக்கிக்கு முன்னிருந்த ஒட்டோமான் பேரரசு தன் ஆர்மீனியக் குடிமக்களை வீடுவாசலில் இருந்து கிளப்பி அனுப்பியது, பெருந்தொகையானோர் செத்தார்கள். அது இனப்படுகொலையா என்பதுதான் சண்டை. முதலில், அந்தச் சண்டை எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆர்மீனியர் ஊர் ஊராகக் கிளப்பி அனுப்பப்பட்டதைத் துருக்கி அரசு மறுப்பதில்லை. 1915 மே 27ஆம் தேதிய இடப்பெயர்ச்சிச் சட்டம் அச்சில் இருக்கிறது. அது போர்க்கால நடவடிக்கை, ரஷ்யப் போர்முனையும் வான் என்ற நகரில் ஆர்மீனியர் செய்த கிளர்ச்சியும் காரணம், சாவுகள் பட்டினியாலும் நோயாலும் கொள்ளையராலும் வந்தவை, அழிக்கும் நோக்கம் இருக்கவில்லை என்பது அவர்கள் வாதம். அதை அவர்கள் சொல்கிறபடியே உங்கள் கட்டுரையில் எழுதுங்கள், குறைத்து எழுத வேண்டாம். 1948இன் இனப்படுகொலை உடன்படிக்கை ஒரு குழுவை ‘அழிக்கும் நோக்கம்’ இருந்ததா என்று கேட்கிறது. 1915இல் நடந்தது இனப்படுகொலைதான் என்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. பிரான்ஸ் 2001இல் சட்டமே இயற்றியது, ஜெர்மன் நாடாளுமன்றம் 2016இல் தீர்மானம் எடுத்தது, அமெரிக்க ஜனாதிபதி 2021 ஏப்ரல் 24இல் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லையே சொன்னார். காப்பகச் சண்டை முழுவதும் அந்த ‘நோக்கம்’ என்ற ஒரு சொல்லின் மேல்தான் நடக்கிறது. கட்டளைக் காகிதத்தைக் காட்டு என்று எல்லோரும் கேட்பது அதனால்தான்.

அடுத்தது, ‘காப்பகம்’ என்று ஒருமையில் யாராவது சொன்னால் உடனே எந்தக் காப்பகம் என்று கேளுங்கள். இஸ்தான்புல்லில் உள்ள ஒட்டோமான் காப்பகத்தில் இந்த விடயம் பற்றிய ஆவணங்களை ஆய்வாளருக்குத் திறப்பதாகத் துருக்கி அறிவித்தது 1989இல். அங்காராவில் உள்ள இராணுவக் காப்பகம் வேறு, அதற்குள் நுழைவது எளிதாக இருந்ததில்லை. காணிப் பதிவேடுகள் இன்னும் வேறு. ஒட்டோமான் காலக் காணிப் பதிவுகளைப் பொதுவில் விட வேண்டாம் என்று 2005இல் துருக்கியின் தேசியப் பாதுகாப்புச் சபை கேட்டுக்கொண்டது. காணி உறுதி தொலைந்து கச்சேரிக்கும் வீட்டுக்கும் அலைந்த சனம் நாங்கள். போனவர் திரும்பி வந்தால் அந்த நிலம் யாருடையது என்று சொல்லக்கூடிய கொப்பி எது என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே கேள்வியை மற்றப் பக்கத்திடமும் கேளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் உள்ள, டாஷ்நாக் என்ற ஆர்மீனியக் கட்சியின் காப்பகம் எல்லாருக்கும் திறந்ததில்லை என்று துருக்கி அடிக்கடி சொல்லும். திறக்க வேண்டியதுதான். ஆனால் அது ஒரு கட்சியின் அலுமாரி. உள்துறை அமைச்சு மாகாண ஆளுநருக்கு என்ன சொன்னது என்பது அதற்குள் இருக்கப்போவதில்லை. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

திறந்த காப்பகம் என்றாலும் வாசிக்கத் தெரிய வேண்டும். ஒட்டோமான் துருக்கி அரபு எழுத்தில் எழுதப்பட்டது, 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது. அதனால் ஒருவர் ‘காப்பகத்தில் பார்த்தேன்’ என்றால், மூலத்தை வாசித்தாரா, அரசு தெரிந்தெடுத்து அச்சடித்த தொகுப்பை வாசித்தாரா என்று கவனியுங்கள்.

அப்புறம், எது இல்லாமல் போனது என்பதையும் கேட்க வேண்டும். 1918 நவம்பர் தொடக்கத்தில், 1915இல் உள்துறை அமைச்சராக இருந்த தலாத் பாஷாவும் கூட்டாளிகளும் ஜெர்மன் கப்பலில் தப்பிப் போனார்கள். 1919இல் இஸ்தான்புல்லில் ஒட்டோமான் இராணுவ நீதிமன்றமே அவர்களை விசாரித்தது. அவர்களின் ஆளும் கட்சியினதும் அதன் ‘சிறப்பு அமைப்பு’ என்ற இரகசிய ஆயுதப் படையினதும் ஆவணங்களில் பெரும்பகுதி எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது என்று அந்த வழக்கின் குற்றப்பத்திரிகையே சொல்கிறது. தலாத்துக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அந்த வழக்கின் கோவைகளும் காணாமல் போயின. அரச வர்த்தமானியில் அச்சான பகுதிகள் தப்பின.

இனித்தான் என் தொழில் வருகிறது. தலாத் இளமையில் எடிர்னே தந்திக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அமைச்சரான பிறகும் வீட்டில் தந்திக் கருவி வைத்துத் தானே அடித்தார் என்று அமெரிக்கத் தூதர் மோர்கந்தோ எழுதியிருக்கிறார். நான் அதை முதன்முதலில் வாசித்த அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்தச் சாவியில் விரல் வைத்துப் பழகியவள் நான். சாவு வீட்டுத் தந்தி அடித்தால் கை கொஞ்சம் மெதுவாகும்.

ஆனால் தந்திக்காரருக்குத் தெரிந்த விடயம் ஒன்று உண்டு. தந்திக்கு இரண்டு முனை. அனுப்பிய இடத்தில் ஒரு படிவம், வாங்கிய இடத்தில் இன்னொன்று. இரகசியக் குறியீட்டில் வந்தால் அதை அவிழ்த்து எழுதிய தாள் மூன்றாவது. ஒரு முனையை எரித்தவர் மறுமுனையை மறந்திருக்கலாம்.

நடந்ததும் அதுதான். அந்த வழக்குகளில் ஆர்மீனியத் திருச்சபைத் தலைமையகமும் ஒரு தரப்பாக இருந்ததால், அதற்கு ஆவணப் பிரதிகள் கிடைத்தன. அவை மார்செய்க்கும் மான்செஸ்டருக்கும் போய்க் கடைசியில் ஜெருசலேம் சேர்ந்தன. பெற்றோரைப் படுகொலையில் இழந்த கிரிகோர் கெர்கெரியன் என்ற கத்தோலிக்கக் குருவானவர், அந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஒருவரைக் கெய்ரோவில் சந்தித்து இதை அறிந்தார். ஜெருசலேம் போய்ப் படம் பிடித்தார். அந்தப் படங்களில் ஒன்று 1915 ஜூலை 4ஆம் தேதியத் தந்தி. சிறப்பு அமைப்பின் பஹாயெத்தின் ஷாகிர், வேறொரு ஊரில் இருந்த கட்சிக்காரரிடம், அந்த ஊரிலிருந்து அனுப்பப்பட்ட ஆர்மீனியர் ஒழிக்கப்படுகிறார்களா, அல்லது வெறுமனே வெளியேற்றப்படுகிறார்களா என்று கேட்கிறார். துருக்கிய வரலாற்றாசிரியர் தானெர் அக்சாம் அதன் தாள்தலைப்பையும் குறியீட்டு எண்களையும் இஸ்தான்புல் காப்பகத்தின் ஆவணங்களோடு ஒப்பிட்டு உண்மையானது என்று 2017இல் அறிவித்தார். இந்த ஒப்பிடும் வேலையைப் படித்துக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் பிரதி பண்ணாதீர்கள். கெர்கெரியனின் தொகுப்பைக் கிளார்க் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, போனிலேயே பார்க்கலாம்.

அப்புறம் ஜெர்மனி. அது துருக்கியின் போர்க்கூட்டாளி, துருக்கியைப் பழிக்க அதற்குத் தேவை இருக்கவில்லை. அலெப்போவில் இருந்த துணைத்தூதர் ரோஸ்லர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். தூதர் வாங்கன்ஹைம் 1915 ஜூலை 7இல், அரசு உண்மையிலேயே ஆர்மீனிய இனத்தை அழிக்கும் நோக்கத்தோடுதான் நடக்கிறது என்று தன் அரசுக்கு அறிவித்தார். ‘நோக்கம்’ என்ற அதே சொல், கூட்டாளியின் வாயிலிருந்து. எனக்கு இதைவிடப் பாரமான சாட்சி வேண்டாம்.

இலக்கம் எழுதும்போது யாருடைய இலக்கம் என்று சேர்த்து எழுதுங்கள். தலாத்தின் கைக்குறிப்பேடு ஒன்று அவர் மனைவியிடம் இருந்து, 2008இல் துருக்கியிலேயே அச்சானது. போருக்கு முன் ஆர்மீனியர் 12,56,000 என்றும் 1917இல் 2,84,157 என்றும் அதில் இருக்கிறது. இடையில் உள்ளவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று அது சொல்லவில்லை, தப்பி ஓடியவர்களும் உண்டு. அதைக் குறிப்பிடாமல் விட்டால் உங்கள் கட்டுரை ஒரு கேள்வியில் விழுந்துவிடும்.

பிள்ளைகள் விரும்பித் தொடங்கும் ஒரு வரி இருக்கிறது: ஆர்மீனியரை இன்று யார் நினைக்கிறார்கள் என்று ஹிட்லர் கேட்டதாக. 1939 ஆகஸ்ட் உரையின் ஒரு பிரதியில்தான் அந்த வரி வருகிறது, நியூரம்பர்க்கில் சான்றாக ஏற்ற பிரதிகளில் இல்லை. விட்டுவிடுங்கள். அதேபோல 1920இல் அந்தோனியன் என்ற ஆர்மீனிய எழுத்தாளர் தலாத்தின் கட்டளைகள் என்று வெளியிட்ட தந்திகளைப் போலி என்று 1983இல் ஒரு துருக்கிய நூல் வாதிட்டது, அக்சாம் 2016இல் மறுத்தார். அவற்றைச் சொல்லலாம், ஆனால் அவற்றின் மேல் மட்டும் வீட்டைக் கட்ட வேண்டாம்.

“கூட்டு வரலாற்றுக் குழு அமைப்போம்” என்று அப்போது துருக்கிப் பிரதமராக இருந்த எர்துவான் 2005இல் ஆர்மீனிய ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். முதலில் உறவை ஏற்படுத்துவோம் என்று பதில் போனது. 2009இல் சூரிச்சில் கையெழுத்தான உடன்பாட்டிலும் அப்படியொரு குழு இருந்தது. இரு நாடாளுமன்றமும் அதை உறுதிப்படுத்தவில்லை, 2018இல் ஆர்மீனியா கைவிட்டது. ஆவணம் பார்ப்பது நல்லதுதான். ஆனால் பார்த்து முடியும்வரை துக்கத்துக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஏன் என்றால், 1990இல் என் சின்னம்மாவின் மகன் காணாமல் போனான். முறைப்பாடு கொடுத்த இடத்தில் சில வருடம் கழித்து, அப்படியொரு பதிவே இல்லை என்றார்கள். சின்னம்மா அரிசித் தகரத்துக்குள் வைத்திருந்த துண்டை எடுத்துக் காட்டினா. இலக்கம், தேதி, முத்திரை, எல்லாம் இருந்தது. எழுதியவர் கொப்பி தொலைந்தது, வாங்கியவர் துண்டு இருந்தது.

ஆகவே கட்டுரை முடிந்ததும் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும் திறந்து பாருங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் படம் பிடியுங்கள், முத்திரை பின்பக்கத்திலும் இருக்கலாம். லாமினேட் பண்ணாதீர்கள், சூட்டில் தாளும் மையும் கெட்டுப்போகலாம். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். சின்னம்மாவின் துண்டு மட்டக்களப்பில் மருமகள் வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று.