முதன்முறை வங்கதேசம்: பழைய டாக்காவிலிருந்து பரிசால் வரை ஒரு பயண வழிகாட்டி

வங்கதேசத்தை ஆற்றின் மேலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் பயணத்திலேயே காக்ஸ் பஜார், சில்ஹெட், சுந்தரவனம் என்று ஓடினால் பாதிப் பொழுது சாலை நெரிசலில் போய்விடும். பழைய டாக்கா, 'லாஞ்ச்' என்னும் பயணிகள் கப்பலில் ஓர் இரவுப் பயணம், தெற்கே பரிசால் நகரம்: புதியவர்களுக்கு இது போதும்.

படி 1: காலமும் விசாவும்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் மாலை வேளைகளில் 'கால்பைசாகி' என்னும் சூறைக்காற்று திடீரென்று வீசும். அப்போது ஆற்றுப் பயணம் வேண்டாம். ஈத் பண்டிகைக்கு முந்தைய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். டாக்காவில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் கிளம்புவதால் எதிலும் டிக்கெட் கிடைக்காது.

விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், விசா கைக்கு வந்த பிறகே விமான டிக்கெட் எடுங்கள். கொல்கத்தா-டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ் ரயில் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

படி 2: விமான நிலையத்தில்

கடிகாரத்தை இந்திய, இலங்கை நேரத்திலிருந்து அரை மணி முன்னே தள்ளிவையுங்கள். கொஞ்சம் பணத்தை அங்கேயே டாகாவாக மாற்றி, சிறிய நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட்டும் கைரேகையும் வேண்டும்.

படி 3: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

மொழி தெரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம். எண் தெரியாவிட்டால் தடுமாற்றம்தான். பஸ் எண், கடை விலை, இருக்கை எண் என்று பலவும் வங்க எண்களில் இருக்கும். 8 போலத் தெரிவது அங்கே 4. 9 போலத் தெரிவது 7. இவை இரண்டுதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும். புறப்படும் முன் பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள்.

'கொதோ?' என்றால் எவ்வளவு. 'தாமேன்' என்றால் நிறுத்துங்கள். ரிக்‌ஷாக்காரரையும் டீக்கடைக்காரரையும் 'மாமா' என்றே அழைக்கிறார்கள். நீங்களும் தயங்காமல் அழைக்கலாம்.

படி 4: பழைய டாக்காவில் ஒரு பகல்

காலையில் லால்பாக் கோட்டையில் தொடங்குங்கள். முகலாய இளவரசர் ஆசம் 1678இல் கட்டத் தொடங்கி, முடிக்கப்படாமலே நின்றுபோன கோட்டை இது. அங்கிருந்து ரிக்‌ஷாவில் ஆர்மானிடோலா. ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். வண்டியின் பின்தகட்டில் தீட்டியிருக்கும் மயிலையும் பூக்களையும் நின்று பாருங்கள். இந்த ரிக்‌ஷா ஓவியக் கலையை யுனெஸ்கோ 2023இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆர்மானிடோலாவில் 1781இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயமும், சுவரெங்கும் நட்சத்திரங்கள் பதித்த தாரா மசூதியும் அருகருகே உள்ளன. பசித்தால் 'பாகர்கானி' சுடும் கடையைத் தேடுங்கள். வட்டமாகத் தட்டிய மாவை மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டு, நீளக் கம்பியால் எடுத்துத் தருவார்கள். சூடான டீயில் தோய்த்துத் தின்றால் அடுக்கடுக்காகக் கரையும். பிரியாணிக்காக இதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு சங்கு வளையல் செய்வோரின் சங்காரி பஜார் சந்து, ஆற்றங்கரையில் இளஞ்சிவப்பு அஹ்சான் மன்ஸில் மாளிகை. கோட்டைக்கும் மாளிகைக்கும் வார விடுமுறை உண்டு; முதல் நாளே விசாரியுங்கள்.

படி 5: சதர்காட்டில் லாஞ்ச் ஏறுதல்

2022 ஜூனில் 6.15 கிலோமீட்டர் நீளப் பத்மா பாலம் திறந்தபின் பரிசால் போகிறவர்களில் பலரும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்; லாஞ்சுகளும் குறைந்துவிட்டன. அதனால் மறுநாள் எந்த லாஞ்ச் கிளம்புகிறது என்று முதல் நாளே டாக்காவின் சதர்காட் படகுத்துறைக்குப் போய்க் கேட்டு, அறையைப் பதிவு செய்யுங்கள். தளத்தில் துணி விரித்துப் படுத்துச் செல்வது மிக மலிவு. ஆனால் பெட்டியோடு முதன்முறை போகிறவர்கள் பூட்டுள்ள அறை எடுப்பதே நல்லது.

இருட்டும் முன்பே துறைக்கு வந்துவிடுங்கள். புரிகங்கையில் பெரிய லாஞ்சுகளுக்கு நடுவே சிறு தோணிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குறுக்கே போய்வருவதை மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். மிதவை வளையங்கள் எங்கே தொங்குகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறினால், பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள். இரவில் சோறும் பருப்பும் மீன் குழம்பும் லாஞ்சிலேயே கிடைக்கும்.

படி 6: பரிசாலும் திரும்புதலும்

விடியும் முன்பே லாஞ்ச் கரை சேர்ந்துவிடலாம். வெளிச்சம் வரும்வரை அறையிலேயே இருந்துவிட்டு இறங்குங்கள். ஜாலோகாட்டி பக்கத்துக் கால்வாய்களில் படகு அமர்த்திச் சுற்றலாம். பீம்ருலியின் மிதக்கும் கொய்யாச் சந்தைக்காகவே போகிறவர்கள் மட்டும் மழையைப் பொருட்படுத்தாமல் ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டும்.

திரும்புவதற்குப் பத்மா பாலம் வழியாகப் பகல் பஸ். குளிர்காலமென்றால் மூடுபனியில் லாஞ்சும் தாமதமாகும், டாக்கா நெரிசலில் பஸ்ஸும் தாமதமாகும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்தை மறுநாளுக்கே பதிவு செய்யுங்கள்.