புது டெப்புக்கு சிம் போட முதல் இதுகளக் கொஞ்சம் பாருங்க

போன கிழமை மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கமிரிந்து அம்மா ஒராள் கடைக்கு வந்தாங்க. கையில புது டெப் (டெப்லட்) ஒண்டு, பெட்டி கூட கசங்கல்ல, திரையில ஒட்டி வந்த பொலித்தீனும் அப்பிடியே கிடக்கு. மூத்த மகன் கட்டார்ல இரிந்து தங்கச்சிட படிப்புக்கெண்டு அனுப்பினதாம். "மனே, சிம்மப் போட்டா நெட் வருதில்ல, இப்ப அந்த சிம்மும் வெளிய வருதில்ல" எண்டாங்க.

ட்ரேய இழுத்தா பாதியில நிக்கிது. லைட்டக் கிட்டப் பிடிச்சுப் பாத்தன். அது மெமரி சிப் மட்டும் போடுற ட்ரே. மெமரி சிப் 15 மில்லிமீற்றர் நீளம், 11 அகலம், நாங்க இப்ப பாவிக்கிற நனோ சிம் 12.3க்கு 8.8, அதால சிம் அந்தக் குழிக்குள்ள சும்மா விழுந்திட்டு, ஆனா இறுகிப் பிடிக்க ஒண்டுமில்ல, தள்ளேக்க சிம் சரிஞ்சு உள்ளுக்க இரிக்கிற மெல்லிய கம்பியில கொளுவிட்டு. சாமணத்தால ஆட்டி ஆட்டி எடுக்க அரை மணித்தியாலம் போச்சு, எடுத்துப் பாத்தா ஒரு கம்பி வளைஞ்சு போய்க் கிடக்கு. அதவிட கஷ்டம் மறுகா அந்த அம்மாக்கிட்ட, "இந்த டெப்புக்கு சிம்மே போட ஏலா அம்மா" எண்டு சொன்னதுதான். அவங்க டெப்பப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாம நிண்டாங்க. அதுக்காகத்தான் இத எழுதுறன், ஏனெண்டா இது மாசத்துக்கு மூணு நாலு தரம் எண்ட மேசைக்கு வருது, எல்லாம் வாங்க முதல் ரெண்டு நிமிசம் பாத்திருந்தா வந்திராத பிரச்சினை.

முதலாவது தவறு அதுதான், பக்கத்தில ஒரு ஓட்டையும் ட்ரேயும் இரிந்தா சிம் போடலாம் எண்டு நினைக்கிறது. அனேகமான டெப் ரெண்டு விதமா வரும். ஒண்டு வைபை மட்டும், மற்றது வைபையும் சிம்மும். வெளிப் பார்வைக்கு ரெண்டும் ஒரே சட்டம், ஒரே நிறம், ஒரே பேர். சிம் மொடலுக்குள்ள நெட்வேர்க்கோட பேசுற மோடமும் அதுக்கான அன்டெனாவும் இரிக்கும், வைபை மொடலுக்குள்ள அது இல்லவே இல்ல. "ஆராவது சொப்ட்வேர் போட்டு சிம் வேலை செய்ய வைக்கலாமா" எண்டு கேக்கிறாங்க. ஏலா. ஆராவது ஏலும் எண்டு காசு கேட்டா குடுக்காதீங்க.

பேரப் பாத்து வாங்காம மொடல் நம்பரப் பாத்து வாங்குங்க. சம்சுங் கேலக்ஸி டெப் ஏ9 எண்டு கடையில சொல்லுவாங்க, ஆனா எக்ஸ்110 எண்டா வைபை மட்டும், எக்ஸ்115 எண்டாத்தான் சிம். ஏ9 ப்ளஸ்ல எக்ஸ்210 வைபை, எக்ஸ்216 சிம் போடுறது. பழைய ஏ8ல எக்ஸ்200 வைபை, எக்ஸ்205 சிம். கடைசி இலக்கத்திலதான் எல்லாம் இரிக்கு, பெட்டிட பின்பக்க ஸ்டிக்கர்ல சின்னனா அடிச்சிருப்பாங்க. வெளிநாட்டில இரிந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பிறதெண்டா அந்த ஸ்டிக்கர ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க, காசு கட்ட முதல். இன்னொரு அடையாளமும் இரிக்கு: சிம் போடுற டெப்புக்கு ஐஎம்ஈஐ எண்டு 15 இலக்க நம்பர் இரிக்கும், வைபை மட்டும் டெப்புக்கு அது இரிக்காது, சீரியல் நம்பர் மட்டும்தான். செட்டிங்ஸ்ல டெப்பப் பத்தி எண்ட இடத்துக்குப் போய்ப் பாத்தாத் தெரியும்.

விலை குறைஞ்ச, பேர் தெரியாத டெப்புகள்ல இன்னொரு ஏமாத்து நடக்குது. பெட்டியில பெரிசா 5ஜி எண்டு இரிக்கும். சிலதில அது வைபைட 5 கிகாஹேர்ட்ஸ், சிம்முக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. சிலதில ரெண்டு சிம் ஓட்டை இரிக்கும், ஆனா உள்ளுக்க இரிக்கிறது 3ஜி மோடம், சூம் வகுப்பு திறந்தா டீச்சர்ட முகம் சதுரம் சதுரமா உறைஞ்சு நிக்கும். கடையில வச்சே உங்கட சிம்மப் போட்டு, மேல 4ஜி அடையாளம் வருதா எண்டு பாத்திட்டு காசக் குடுங்க. வைபைய ஓஃப் பண்ணிட்டுப் பாக்கவேணும், கடை வைபையில ஓடிக்கொண்டிரிக்க "நெட் வேலை செய்யுது" எண்டு நம்பி வந்தவங்க நிறையப் பேர்.

எங்கட பக்கத்தில, கல்முனை எண்டாலும் சரி காத்தான்குடி எண்டாலும் சரி, வீட்டுக்கு ஒராள் எண்டாலும் வெளிநாட்டில இரிக்கிறதால டெப்பும் அங்கிரிந்துதான் வருது. அதில மூணு விசயம் கவனிக்கவேணும். ஒண்டு லொக். அமெரிக்காவில, சில இடங்கள்ல டெலிபோன் கொம்பனியே தவணைக்கு டெப் குடுக்கும், அது அந்தக் கொம்பனி சிம்முக்கு மட்டும் பூட்டியிரிக்கும், எங்கட சிம்மப் போட்டா அன்லொக் கோட் கேக்கும். வாங்கினவரே அந்தக் கொம்பனிக்கிட்ட கேட்டுத் திறந்து எடுக்கிறதுதான் நேர் வழி, இஞ்ச வந்த மறுகா அதுக்கு அலையிறது பெரிய பாடு. ரெண்டு, பேண்ட், அதாவது நெட்வேர்க் ஓடுற அலைவரிசை. இலங்கையில 4ஜிக்கு முக்கியமா ஓடுறது 1800 மெகாஹேர்ட்ஸ், பேண்ட் 3 எண்டு சொல்லுவாங்க. டெப்புட விபரத்தில எல்டிஈ (4ஜி) பேண்ட் பட்டியல்ல 3 இல்லாட்டி அத வாங்காதீங்க.

மூணாவது பதிவு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, பதிவில்லாத மெஷின்களுக்கு 2025 சனவரி 28க்குப் பிறகு புதுசா சேவை குடுக்கிறதில்ல எண்டு அறிவிச்சது, அதுக்கு முதல் பாவிச்சுக்கொண்டிருந்ததுக்குப் பிரச்சினையில்ல. கடையில வாங்கேக்க இங்கிலீஷ் எழுத்தில ஐஎம்ஈஐ எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் அடிச்சு 1909க்கு மெசேஜ் அனுப்புங்க, பதிவு இரிக்கா இல்லையா எண்டு பதில் வரும். கடைக்காரர் முன்னாலயே செய்யுங்க. நல்ல கடைக்காரர் கோவிக்கமாட்டார்.

ஐபேட் வாங்கிறவங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். 2024ல வந்த ஐபேட் ப்ரோ எம்4, ஐபேட் எயார் எம்2 ரெண்டிலயும் சிம் மொடல் எண்டாலும் சிம் ஓட்டை கிடையாது, ஈசிம், அதாவது டெப்புக்குள்ளயே இரிக்கிற சிம், மட்டும்தான். ஓட்டை இல்லையே எண்டு வைபை மொடலெண்டு நினைச்சுத் திருப்பிக் குடுக்க ஓடாதீங்க, ஐஎம்ஈஐ இரிக்கா எண்டு பாருங்க, இரிந்தா சிம் கொம்பனி கிளைக்கு அடையாள அட்டையோட போய் ஈசிம் கேளுங்க. அவங்க தாற கியூஆர் கோட்ட அழிக்காம வையுங்க, ஆனா ஒருக்கா பாவிச்சது மறுபடி வேலை செய்யும் எண்டு நம்பி டெப்ப ரீசெட் பண்ணாதீங்க, அப்பிடிப் பண்ணிட்டு திரும்பவும் கிளைக்கு அலைஞ்சவங்களத் தெரியும்.

இனி சிம்மப் போடுற விசயம். பெட்டியில ஒரு ஊசி தருவாங்க, அதக் குத்திற ஓட்டை ட்ரேக்கு மேலயே இரிக்கும். கொஞ்சம் தள்ளித் தனியா இரிக்கிற சின்ன ஓட்டை மைக். அதுக்குள்ள ஊசியக் குத்தினா மறுகா சூம்ல பிள்ளை கதைக்கிறது டீச்சருக்குக் கேக்காமப் போகலாம். ஓட்டையச் சுத்தி நீளமா ஒரு கோடு, அதாவது ட்ரேட விளிம்பு, தெரியுதா எண்டு நகத்தால தடவிப் பாத்திட்டு நேராக் குத்துங்க, சரிச்சுக் குத்தவேணாம். சிம்முட வெட்டின மூலையும் ட்ரேட வெட்டின மூலையும் ஒண்டா வரோணும். சில டெப்புல ஒரே ட்ரேயில சிம்முக்கு ஒரு குழி, மெமரி சிப்புக்கு ஒரு குழி இரிக்கும், சிலதில ரெண்டாவது சிம்மும் மெமரி சிப்பும் ஒரே குழியப் பங்கு போடும், அதில ரெண்டில ஒண்டுதான் போடலாம். தள்ளேக்க இறுகினா நிப்பாட்டி, வெளிய எடுத்துத் திரும்பப் பாருங்க.

பழைய பெரிய சிம்ம கத்தரிக்கோலால வெட்டிப் போடுறத தயவு செய்து விடுங்க. நனோ சிம் நீள அகலத்தில மட்டும் சின்னன் இல்ல, தடிப்பும் குறைவு, 0.67 மில்லிமீற்றர், பழைய சிம் 0.76. அந்த மயிர் அளவு வித்தியாசத்திலதான் ட்ரே உள்ளுக்க இறுகி நிக்கிறது. அதோட அப்பிடி வெட்டுற அளவுக்குப் பழைய சிம் எண்டா அது 4ஜி சிம்மாவும் இல்லாம இரிக்கலாம், கிளைக்குப் போனா அதே நம்பர்ல புது சிம் தருவாங்க. எங்கட கரையோரத்தில உப்புக் காத்து வேற. கல்லடி, திருக்கோவில் பக்கமிரிந்து வாற சிம்கள்ல தங்க நிறப் பகுதியில பச்சையா பூத்திருக்கிறதக் கண்டிருக்கன். காஞ்ச மெல்லிய துணியால துடைச்சாப் போதும், வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ளுக்க போகும்.

எந்த சிம்மப் போடுறது எண்டதிலயும் பிழை விடுறாங்க. வீட்டு ரவுட்டருக்குள்ள இரிக்கிற சிம்மக் கழட்டி டெப்புக்குப் போடுறது பெரும்பாலும் சரிவராது, அது அந்த ரவுட்டருக்கும் அந்த இடத்துக்கும் எண்டு பூட்டித் தந்ததாத்தான் இரிக்கும். புது சிம் எண்டா முதல்ல போன்ல போட்டு, ரீலோட் பண்ணி, டேட்டா பெக்கேஜ் எடுத்து, கொம்பனிட அப்லயும் பதிஞ்சிட்டு மறுகா டெப்புக்கு மாத்துங்க. ஏனெண்டா எல்லா டெப்லயும் நம்பர் அடிக்கிற இடம் இல்ல. ஐபேட்ல சிம் மொடல் எண்டாலும் சாதாரண கோல் எடுக்க ஏலா, ஸ்டார் ஹேஷ் அடிச்சு மிச்சம் பாக்க ஏலா, பேங்க் அனுப்பிற ஓடிபி மெசேஜும் அதில வராது. பேங்க்குக்குக் குடுத்த நம்பர ஒருக்காலும் டெப்புக்கு மாத்தாதீங்க. வாட்ஸ்அப்புக்கு சிம்மே தேவையில்ல, போன்ல இரிக்கிற கணக்க கியூஆர் ஸ்கேன் பண்ணி டெப்போட இணைக்கலாம், ஐபேட்டுக்கும் 2025 மே மாசத்திலிரிந்து தனி வாட்ஸ்அப் வந்திட்டு.

சிம்முக்கு ரகசிய நம்பர் (PIN) போட்டிருந்தா மூணு தரம் பிழையா அடிச்சா பூட்டும், பூட்டத் திறக்கிற பியூகே (PUK) நம்பர் கேக்கும். அதயும் பத்து தரம் பிழையா அடிச்சா அந்த சிம் முடிஞ்சுது. பிள்ளைகள் கையில குடுக்க முதல் இத நினைவில வையுங்க.

டேட்டா முடியிறதப் பத்தி எல்லாரும் கொம்பனியத்தான் ஏசுறாங்க. டெப் பெரிய திரை, யூடியூப் தானா கூடின தரத்தில ஓடும், புது டெப் எண்டா முதல் நாளே அப்டேட் எண்டு கிகா பைட் கணக்கில இழுக்கும், அதோட சில பெக்கேஜ்ல ஒரு பங்கு இரவு டேட்டாவா இரிக்கும், பகல் வகுப்புக்கு அது உதவாது. செட்டிங்ஸ்ல டேட்டா சேமிப்ப ஒன் பண்ணி, ப்ளே ஸ்டோர்ல அப்டேட்ட வைபையில மட்டும் எண்டு வையுங்க. வாங்கேக்க பகல் டேட்டா எவ்வளவு எண்டு மட்டும் கேளுங்க.

சிக்னலப் பத்தி நான் கடைசியாச் சொன்னாலும் நீங்க முதலே பாக்கவேணும். டவுன்ல பறக்கிற சிம் படுவான்கரையில ஒரு கோட்டோட நிக்கும், பொத்துவில் பக்கத்தில உள்ளூருக்குள்ள போகப் போக அப்பிடித்தான். பக்கத்து வீட்டு ஆக்களிட போன வாங்கி, பிள்ளை இரிந்து படிக்கிற அதே மேசையில, அதே நேரத்தில, எந்தக் கொம்பனி நல்லா இழுக்குது எண்டு பாருங்க. பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் நெட்டில இரிக்கேக்க பாத்தாத்தான் உண்மை தெரியும். வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் கெம்பஸ் போற பிள்ளைகளெண்டா விடுதி அறையில வச்சுப் பாத்திட்டு சிம் எடுங்க.

வைபை டெப்ப வாங்கியாச்சு எண்டா விக்கவும் வேணாம், அழவும் வேணாம். போன்ல ஹொட்ஸ்பொட் போட்டா அது ஓடும். டெப்புல போன்ட பேர் காட்டாட்டி ஹொட்ஸ்பொட்ட 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாத்துங்க, விலை குறைஞ்ச சில டெப்புகளுக்கு 5 பிடிக்காது. ஐபோன் எண்டா அதுக்கு பொருத்தத்தக் கூட்டிற (Maximize Compatibility) ஒரு சுவிட்ச் ஹொட்ஸ்பொட் பக்கத்திலயே இரிக்கு.

அந்த வவுணதீவு அம்மாக்கும் அதத்தான் செஞ்சு குடுத்தன். வீட்டில திரை வெடிச்ச பழைய 4ஜி போன் ஒண்டு கிடக்கு எண்டாங்க, அடுத்த நாள் கொண்டு வந்தாங்க, அந்த டெப்புக்குள்ள இரிந்து எடுத்த அதே சிம்ம துடைச்சு அதுக்குள்ள போட்டு, ஹொட்ஸ்பொட்டுக்கு பாஸ்வேர்ட்டும் வச்சுக் குடுத்தன். அது இப்ப அவங்கட வீட்டு மேற்கு ஜன்னல்ல, சிக்னல் வாற ஒரே இடத்தில, சாஜர்ல குத்தின படியே நிக்குதாம். மகள் உயர்தர வகுப்பு, நாலு மணிக்கு இணைஞ்சிட்டா எண்டு நேத்து கோல் எடுத்துச் சொன்னாங்க.