சஃபூ மரத்தில் பதியம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கேமரூனிலும் தென்கிழக்கு நைஜீரியாவிலும் வீட்டுக் கொல்லைகளில் சர்வசாதாரணமாக நிற்கும் மரம் சஃபூ. கருநீலப் பழம். வெந்நீரில் போட்டாலோ தணலில் வாட்டினாலோ சதை வெண்ணெய் போலக் குழைந்துவிடும். சுட்ட சோளத்துக்கு அதுதான் ஜோடி. விதை போட்டால் காய்க்க 5 வருடத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை, பெண் மரம்தான் ஒழுங்காகக் காய்க்கும். ஆண் மரத்தில் பெரும்பாலும் வெறும் பூதான். இத்தனை வருடம் வளர்த்த கன்று எதுவென்று பூத்த பிறகுதான் தெரியும். காய்க்கிற மரத்தின் கிளையிலேயே பதியம் போட்டால், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிறகு வெட்டி நட்டால், இந்தச் சூதாட்டம் இல்லை.

முதல் தவறு, கிளையைத் தேர்ந்தெடுப்பதில். ஒரு வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்ததைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. வருடா வருடம் காய்க்கிறதா, பழம் புளிக்கிறதா என்று மரத்துக்காரரிடம் கேட்க வேண்டும். பக்கவாட்டில் படர்ந்த கிளையை விட நிமிர்ந்து வளரும் கிளை நல்லது. இல்லாவிட்டால் செடியும் சாய்ந்தே வளரும்.

அடுத்தது பட்டை உரிப்பது. விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு, பச்சையாக வழவழவென்று இருக்கும் உள்படலத்தைச் சுரண்டாமல் விட்டால், மரம் காயத்தை மூடிக்கொள்ளும், வேர் வராது. 4, 5 செ.மீ. அகலத்துக்கு வளையமாக உரித்து, வெள்ளைக் கட்டை தெரியும்வரை கத்தியால் சுரண்ட வேண்டும். அப்புறம் மக்கிய மரத்தூளை நனைத்து, பிழிந்து, வைத்துக் கட்ட வேண்டும். பிழியாமல் வைத்தால் அழுகும். மேல்முடிச்சு தளர்ந்தால் மழைநீர் இறங்கும், எறும்பு குடியேறும். உள்ளே வேர் தெரிய வேண்டும் என்பதால் கறுப்புத்தாள் வேண்டாம், நிறமில்லாத பாலித்தீனே சரி.

வெள்ளை வேர் தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆபத்து அங்கேதான் ஆரம்பம். சஃபூ பதியங்கள் அதிகமாகச் சாவது மரத்தில் அல்ல, வெட்டிப் பையில் வைத்த பிறகு நாற்றங்காலில். கிளை நிறைய இலை இருக்கும். தண்ணீர் உறிஞ்ச நாலு வேர்தான். கொழுந்தையும் இலைகளையும் பெரும்பகுதி குறைத்துவிட்டு வெட்ட வேண்டும். முதல் வேர் தெரிந்த அவசரத்தில் வெட்டாமல், அவை பழுப்பேறிக் கிளைக்கும்வரை பொறுக்கலாம். வெட்டிய செடியை வெயிலில் வைக்காமல், பாலித்தீன் மூடிய ஈரப்பெட்டிக்குள் நிழலில் வைக்க வேண்டும். பெட்டியைத் திடீரென்று திறந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும்.

மரச்சட்டம், பாலித்தீன், அடியில் கல்லும் சரளையும், மேலே மணல், கல்லிடுக்கில் தண்ணீர்: அந்தப் பெட்டிக்கு மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ தேவையில்லை. கேமரூன் கிராமத்து நாற்றங்கால்களில் போத்து, அதாவது வேரில்லாமல் வெட்டியெடுத்த குச்சி, நட்டு வேர்விட வைப்பதும் இதில்தான். போத்துக்கு மட்டும் முதிர்ந்த கிளையைத் தேடிப் போக வேண்டாம்; வெட்டிய அடிமரத்தில் துளிர்க்கும் இளஞ்சிம்புதான் எளிதில் வேர்விடும். போத்தின் இலையை மொத்தமாகக் கிள்ளுவதும் தவறு, பாதி இலையாவது இருக்க வேண்டும்.

பதியச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. நட்டதும் முட்டுக் கொடுக்காவிட்டால் பெருங்காற்றில் சாயும். தோட்டம் முழுக்க ஒரே மரத்தின் பதியங்களையே நடுவதும் வேண்டாம். மகரந்தத்துக்கு அருகில் ஆண் மரம் வேண்டும்.

இதே முறையை அப்படியே, கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஷியா மரத்துக்குக் கொண்டுபோக முடியாது. விதையிலிருந்து காய்க்க 15, 20 வருடம் ஆகும் மரம் அது. அதற்கு ஒட்டுக் கட்டுவதுதான் அதிகம் கைகொடுக்கும். வெட்டியதும் பால் வடியும். அது வடிந்து நிற்பதற்குள், துடைக்காமல் கட்டினால் ஒட்டு சேராது.