ஹவுஸ்போட் இல்லாமல் வேம்பநாட்டுக் காயலைச் சுற்றி வர

கேரளக் காயலைப் பார்க்க வழி கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அரசுப் படகில் போங்கள். தென்காசியில் பள்ளி ஆசிரியை நான். பல வருஷமாக நானும் என் அத்தையும் (என் வீட்டுக்காரரின் அம்மா) அந்தப் பக்கம் போய் வருகிறோம். அத்தைக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. அவர்களால் சுற்றி வர முடிந்த வழியைத்தான் எழுதுகிறேன். ஆலப்புழையில் படகேறி கோட்டயம், அங்கிருந்து பேருந்தில் வைக்கம், மறுபடி படகில் காயலைக் கடந்து தவணக்கடவு, சேர்த்தலையில் ரயில். காயலை ஒரு வட்டம் போட்டு வந்துவிடலாம்.

ஹவுஸ்போட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. முதல் தடவை நாங்களும் ஒரு தரகர் மூலம் அதைத்தான் எடுத்தோம். மத்தியானம் 12 மணிக்கு ஏற்றினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கரையில் கட்டிவிட்டார்கள். இரவில் மீனவர்கள் வலை போடும் நேரம், அதனால் படகு ஓடக்கூடாது. அது நியாயமான விதி. ஆனால் ஏறும் முன்னால் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னும் ஐந்தாறு படகுகள், எல்லாவற்றிலும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை விடிய விடியத் தூங்கவில்லை. அப்படியும் ஹவுஸ்போட்டில்தான் போவேன் என்பவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடும், எங்கே கட்டுவீர்கள், ஏசி எப்போது போடுவீர்கள். படகையும் நேரில் பார்த்துவிடுங்கள்.

சரி, எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரி. மழை இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. அதைவிட முக்கியம், காயலை ஒட்டிய குட்டநாட்டு வயல்களில் புஞ்சைப் பயிர் பச்சையாக நிற்கும் காலம் அது. நம் ஊரில் புஞ்சை என்றால் மானாவாரி நிலம். அங்கே புஞ்சை என்பது தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு வைக்கும் நெல். மார்ச், ஏப்ரலில் அறுத்துவிடுவார்கள். ஜூன், ஜூலையில் போனால் பெரும்பாலான வயல்கள் முழுகி எல்லாம் ஒரே காயலாகத் தெரியும். அதுவும் அழகுதான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு எது வயல், எது காயல் என்றே புரியாது.

போகும்போது செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலில் போங்கள். மதுரை–குருவாயூர் ரயில் பகலில் மலையேறும். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் முழுவதும் திறந்தார்கள். செங்கோட்டை தாண்டியதும் குகைகள் வரும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும், கீழே ரோட்டில் லாரிகள் தெரியும். கொல்லத்தில் இறங்கி, ஆலப்புழை வழியாகப் போகும் ரயிலுக்கு மாறுங்கள். கோட்டயம் வழி ரயிலும் அதே நிலையத்துக்குத்தான் வரும், கேட்டுவிட்டு ஏறுங்கள். அன்று இரவு ஆலப்புழையில் தங்கல். அறையைப் படகுத்துறை பக்கம் பாருங்கள். ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. பேருந்து நிலையமும் படகுத்துறையும் ஊருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன.

காலையில் துறைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போய்விடுங்கள். கோட்டயம் படகு ஒரு நாளைக்குச் சில நடைதான், முதல் நாள் சாயங்காலமே நேரம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் பலகையில் மலையாளத்தில்தான் எழுதியிருக்கும். "சேட்டா, கோட்டயத்தேக்கு உள்ள போட்டு ஏதா?" என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். அங்கே படகுக்குப் பெயர் போட்டுதான். டிக்கெட் உள்ளேயே தருவார்கள். இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு ஐம்பது ரூபாய்க்குள் ஆகும், சில்லறை வைத்திருங்கள். கழிவறை வேலையை ஏறும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். வயதானவர்களை ஏற்றும்போது அவசரப்படாதீர்கள். படகு ஆடும், துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அத்தை முதலில் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம்தான் காலை வைப்பார்கள். கயிறு கட்டுகிற ஊழியர் மறு கையைத் தாங்கிக்கொள்வார். அவரை லஸ்கர் என்பார்கள்.

படகின் முன்பக்கம் இடம் கிடைத்தால் சுக்கான் பிடிக்கிறவரைப் பாருங்கள். அவரை ஸ்ராங்கு என்பார்கள். எஞ்சினை ஓட்டுகிறவர் பின்னால் வேறு இடத்தில் இருப்பார், அங்கிருந்து அவர் கண்ணுக்குத் துறை தெரியாது. ஸ்ராங்கு ஒரு கயிற்றை இழுத்து மணியடிப்பார். அந்த மணிச் சத்தத்தை வைத்துத்தான் பின்னால் இருப்பவர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். துறை நெருங்கும்போது மணி, எஞ்சின் சத்தம் தாழ்கிறது, லஸ்கர் கயிற்றோடு தாவுகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் ஏறுகிறார்கள், மறுபடி மணி. முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. காஸ் சிலிண்டர், மீன் கூடை, மருத்துவமனைக்குப் போகும் பாட்டி எல்லாம் இதில்தான் வருவார்கள். இது அவர்களுடைய டவுன் பஸ். அதனால் நீங்களும் பஸ்ஸில் போவதுபோல நடந்துகொள்ளுங்கள். வாசலை அடைத்து நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். துணி துவைக்கிற பெண்களைப் படம் பிடிக்கவே வேண்டாம். அது அவர்கள் வீட்டு முற்றம்.

புன்னமடையில் படகுப் போட்டி நடக்கும் இடம் வரும். 1952-ல் நேரு வந்தபோது அவருக்காக நடத்திய பந்தயத்திலிருந்து தொடங்கியதுதான் நேரு கோப்பை. அதைத் தாண்டியதும் காயல் விரியும். இங்கேதான் நான் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். கரையில் ஒரு வரப்பு, அதில் தென்னை வரிசை. உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான் தெரியும். எழுந்து நின்று வரப்புக்கு அந்தப் பக்கம் பாருங்கள். வயல் கீழே இருக்கும்! நாம் மிதக்கும் தண்ணீர் மேலே, நெல் நம் காலுக்குக் கீழே. கடல் மட்டத்துக்கும் தாழ்வான நிலம் அது. தென்னங்குற்றிகளை அடித்து, காயலின் அடிச்சேற்றை எடுத்து அணைத்து, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து மனிதர்கள் உண்டாக்கிய வயல். சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்களோடு 1940களில் உருவான காயல் நிலங்களும் இந்தப் பக்கம்தான். வரப்பு ஓரத்தில் மரப்பெட்டி மாதிரி ஒன்றிலிருந்து தண்ணீர் காயலுக்குள் கொட்டும். பெட்டியும் பறையும் என்று சொல்வார்கள், அந்த ஊர் பம்பு. குற்றாலத்துத் தண்ணீர் வயலுக்கு வரத் தவம் கிடக்கும் ஊர்க்காரியான எனக்கு, தண்ணீரை வெளியேற்றி விவசாயம் செய்கிறவர்களைப் பார்ப்பது ஒவ்வொரு தடவையும் புதிதாகவே இருக்கிறது. இந்த வேளாண் முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

கோட்டயத்தை நெருங்கும்போது கால்வாய் குறுகிவிடும். குறுக்கே நடைபாலங்கள், படகு வந்தால் கயிற்றை இழுத்துத் தூக்குவார்கள். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலோ, பாலம் பழுதானாலோ படகு கோட்டயத்துக்கு முன்னால் உள்ள காஞ்சிரம் துறையோடு நின்றுவிடுவதும் உண்டு. பதறாதீர்கள், அங்கிருந்து கோட்டயத்துக்குப் பேருந்தோ ஆட்டோவோ கிடைக்கும்.

சாப்பாட்டுக்குக் கோட்டயம் சரியான இடம். "ஊணு" என்று கேளுங்கள். மட்டை அரிசிச் சோறு நமக்குப் பழக்கம் இல்லாவிட்டால் வயிற்றில் கனமாக உட்காரும். வெள்ளைச் சோறு உண்டா என்று கேட்டால் சில கடைகளில் தருவார்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பாக வைப்பது பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர். சாயம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். கரிமீன் பொள்ளிச்சது (வாழையிலையில் மடித்துச் சுட்ட மீன்) சாப்பிட ஆசை இருந்தால் விலையை முதலிலேயே கேளுங்கள். மீனின் அளவுக்குத் தகுந்த மாதிரி விலை மாறும்.

மத்தியானம் வைக்கம் பேருந்து பிடியுங்கள். தமிழர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் பிடிவாதம். 1924 மார்ச் 30-ல் இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக, வெறும் நடக்கும் உரிமைக்காக! தலைவர்கள் கைதானதும் பெரியார் வந்தார், இரண்டு முறை சிறை போனார். அவர் மனைவி நாகம்மையும் வந்து போராடினார். பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12-ல் திறந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நிதானமாக ஒரு சுற்று நடந்து வாருங்கள். முழங்கால் வலியோடு அத்தையும் நடந்தார்கள், ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார்கள். கோயிலுக்குள் போகிற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், மேலே போட ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மாத வைக்கத்தஷ்டமி சமயத்தில் கூட்டம் தாங்காது. வயதானவர்களோடு போவதாக இருந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

வைக்கம் துறையிலிருந்து தவணக்கடவுக்குப் போகும் படகுகளில் ஒன்று ஆதித்யா. 75 பேர் உட்காரும் சூரிய மின்சாரப் படகு, 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது, நாட்டிலேயே முதலாவது. டீசல் படகு முன்னால் நின்றாலும் கொஞ்சம் காத்திருந்து இதில் ஏறுங்கள். எஞ்சின் அதிர்வு கிடையாது, புகை நாற்றம் கிடையாது, தண்ணீர் படகில் அறையும் சத்தம் மட்டும்தான். காலையில் மணிச் சத்தமும் எஞ்சின் இரைச்சலுமாக வந்த அதே காயலை, மாலை வெயிலில் இப்படி ஒரு முறை கடந்து பாருங்கள். பதினைந்து, இருபது நிமிஷத்தில் அக்கரை வந்துவிடும்.

தவணக்கடவிலிருந்து சேர்த்தலைக்குப் பேருந்து உண்டு. சேர்த்தலையில் கொல்லம் ரயிலைப் பிடித்தால், இரவில் கொல்லம் வழியாக வரும் பாலருவி ரயில் தென்காசிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். டிக்கெட்டை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வயதானவர்களுக்குக் கீழ் படுக்கை கேளுங்கள். சேர்த்தலையில் ரயிலுக்கு முன்னால் நேரம் இருந்தால் ஒரு சாயா, ஒரு பழம்பொரி. அத்தை இரண்டு பழம்பொரி வாங்கி, ஒன்றை வீட்டுக்கு என்று தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள்.