ஏ.பி. வகுப்பா, சாதாரண வகுப்பா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில், அடுத்த வருஷப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தாலே எத்தனை ஏ.பி. (Advanced Placement, ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடம்) எடுக்கலாம் என்ற பேச்சுதான். எண்ணிக்கையை விடுங்கள். அந்தப் பாடத்தை இப்போது படிக்கிற பிள்ளையிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம் என்று கேட்டு, எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், தூக்கத்தில் கைவைக்க வேண்டியிருந்தால் ஒன்றைக் குறைத்துவிடலாம், தப்பே இல்லை.

கணக்கில் மட்டும் நிதானம் தேவை. ஏ.பி. கணக்குப் பாடங்களில் ஒன்றான கால்குலஸ் பி.சி. ஏறக்குறைய இரண்டு கல்லூரி செமஸ்டர் பாடத்தை ஒரே வருஷத்தில் ஓட்டும். அல்ஜீப்ராவில் இன்னும் தடுமாறும் பிள்ளையை அதில் தள்ளாதீர்கள்.

மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வில் 5-க்கு 3 வாங்கினாலே பல கல்லூரிகள் கிரெடிட் தரும் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் படித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்), சில இடங்களில் 4 அல்லது 5 கேட்பார்கள், அதனால் போக நினைக்கும் கல்லூரியின் விதியை முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வகுப்பு தொடங்கிய பிறகு சாதாரண வகுப்புக்கு மாற எதுவரை அவகாசம், மாறினால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) என்ன தெரியும் என்பதைப் பள்ளி கவுன்சிலரிடம் இப்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.