மரச்சட்ட வீட்டின் மண்சுவர்: சிமென்டைத் தொடாமல் செப்பனிடும் முறை

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளில் பாரம் முழுவதையும் ஓக் சட்டமே தாங்குகிறது. இடையிலுள்ள கட்டங்கள் வெறும் அடைப்பு: நட்டுக்குத்தான ஓக் முளைகள், ஊடே பின்னிய ஹேசல் (எளிதில் வளையும் குச்சிகள் தரும் புதர்மரம்) வரிச்சு, இருபுறமும் அப்பிய மண்.

மண் உதிர்ந்த கட்டத்தை சிமென்டால் பூசுவதுதான் இந்த வீடுகளுக்கு நேரும் பெரிய கேடு. ஓக் ஈரத்துக்கேற்ப உப்பும், சுருங்கும். சிமென்ட் அசைந்து கொடுக்காது. விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டு மழைநீர் இறங்கும், காய வழியிருக்காது. ஈரத்தில் கீழ்ச்சட்டம் மக்கும், வண்டு பிறகு வரும். எனவே முதலில் கீழ்ச்சட்டத்தின் மேல்முகத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஆழமாக இறங்கினால் அது தச்சர் வேலை, மண் பிறகுதான்.

பழமைக்காக அரசின் பாதுகாப்புப் பட்டியலிலுள்ள வீடென்றால் உள்ளூர் கவுன்சிலிடம் கேட்காமல் கைவைக்காதீர்கள். அனுமதி தேவைப்படும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம்.

மேல்சட்டத்தின் அடியில் துளைகளும் கீழ்ச்சட்டத்தின் மேல் காடியும் (நீளப் பள்ளம்) இருக்கும். பிளந்த ஓக் முளையின் கூர்முனையைத் துளையில் செருகி, அடிமுனையைக் காடியில் நகர்த்தி நிமிர்த்துங்கள். சுமார் 300 மி.மீ. இடைவெளி போதும். முளைகளின் ஊடே பின்னும் ஹேசல் குளிர்காலத்தில் வெட்டியதாக, விரல் பருமனில் இருக்கட்டும். காய்ந்த குச்சி வளையாமல் ஒடியும்.

உதிர்ந்த பழைய மண்ணை வீசாதீர்கள். இரவு முழுக்க ஊறவைத்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்தால் அதுவே மீண்டும் உதவும். குறைவதற்குக் களிமண், மணல், கொஞ்சம் சாணம். கைப்பிடி உருண்டையை உலரவிட்டுப் பாருங்கள்: அகலமாக வெடித்தால் மணல் போதவில்லை, பொடிந்தால் களி போதவில்லை.

வரிச்சை நனைத்துவிட்டு, உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அழுத்தி அப்ப வேண்டும். ஒருவரே அப்பினால் மறுபக்கம் பிதுங்கி விழும். மண்ணின் முகம் மரத்தின் முகத்தைவிட 12 மி.மீ. உள்வாங்கி நிற்கட்டும். இறுகும் முன் குறுக்குநெடுக்காகக் கீறிவிடுங்கள். காய வாரக்கணக்கில் ஆகும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் வெடிக்கும். ஓரத்தில் விழும் இடைவெளியை அதே மண்ணால் அடையுங்கள்.

அடுத்து சுண்ணாம்புக் காரை: நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3, கொஞ்சம் ஆட்டுமயிர். மண்ணை நனைத்து, மெல்லிதாக இரண்டு பூச்சு. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வேலை வேண்டாம். வெயில் நாளில் காரைமேல் ஈரச்சாக்கு கட்டுங்கள். காரை மரத்தோடு மட்டமாக நிற்கட்டும், துருத்தினால் மழைநீர் தங்கும். கடைசியில் பால் பதத்தில் சுண்ணாம்பு வெள்ளை, 4 முறையாவது.

மரத்துக்குக் கறுப்பு வேண்டாம். கறுப்பு-வெள்ளைக் கோலம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். ஓக் தானாகவே சாம்பல் நிறமாகும். ஏற்கெனவே பூசியிருந்தாலும் மணல் பீய்ச்சிச் சுரண்டாதீர்கள். சட்டங்களை இணைக்கத் தச்சர்கள் மூட்டோரம் செதுக்கிய ரோமன் எண்கள் அதோடு போய்விடும்.