கனடா ஊர்ப்பெயருக்குத் தாயூர் தேடும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் பிரப்பன்வலசை, புதுவலசை என்ற ஊர்களைக் கடந்து செல்பவர்களுக்கு, வேறிடத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அமைத்த குடியிருப்பே வலசை என்பதை விளக்க வேண்டியதில்லை. கனடாவில் ஸ்காட்லாந்து மக்கள் அமைத்த வலசைகள் ஏராளம். அவர்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே புது ஊருக்கும் இட்டார்கள். பிள்ளைகளையோ உறவினரையோ கனடாவுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வாழும் ஊரின் பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர்களில் 'இன்வர்' ஆற்றின் முகத்துவாரத்தையும், 'கிளென்' பள்ளத்தாக்கையும், 'டன்' கோட்டையையும் குறிக்கும். இன்வர்னஸ் என்றால் நெஸ் ஆற்றின் முகத்துவாரம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் கேப் பிரெட்டன் தீவிலும் ஓர் இன்வர்னஸ் உண்டு. அங்கே கடலில் கலப்பது நெஸ் ஆறு அன்று. ஆகவே அந்தப் பெயர் கப்பலேறி வந்தது என்று தெளியலாம்.

அதன்பின் கைப்பேசியில் இரு நாட்டு வரைபடங்களையும் திறந்து, ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயரை ஒப்பிடுங்கள். 1816இல் படைவீரர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய ஒன்டாரியோவின் பெர்த் நகரில் ஓடுவது டே ஆறு. ஸ்காட்லாந்தின் பெர்த்தும் டே என்ற ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. ஊரோடு ஆற்றின் பெயரையும் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

பலரும் தவறுவது ஆட்பெயர்களில்தான். ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் என்று ஓர் ஊர் இருந்தாலும், ஒன்டாரியோவின் ஹாமில்டன் ஜார்ஜ் ஹாமில்டன் என்பவரின் பெயரைத் தாங்கியது. ஆல்பர்ட்டாவின் கான்மோரும் மால்கம் கான்மோர் என்னும் ஸ்காட்லாந்து அரசரின் பெயரே. நம் தமிழர் மிகுதியாக வாழும் ஸ்கார்பரோவுக்குத் தாயூர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ளது. அதை ஸ்காட்லாந்துக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

பெயரை இட்டவர் யார் என்பதையும் கேளுங்கள். கால்கரிக்கு 1876இல் அப்பெயர் வரக் காரணமானவர் காவல்படை அதிகாரி ஜேம்ஸ் மெக்லியோட். ஸ்காட்லாந்தின் மல் தீவில், வெண்மணல் விரிந்த ஒரு குடாவை ஒட்டிய சிற்றூர்தான் அதன் தாயூர். கடலோரத்தில் பிறந்த எனக்கு இந்தப் பெயரே மிகவும் நெருக்கமானது: பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்தப் பெருநகரத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ராக்கி மலைத்தொடரைத் தாண்டிச் செல்ல வேண்டும்.